எட்டு மாதப் பாதிரியார்



மட்டக்களப்பு வாவிக்கரையில், புளியந்தீவில் வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்கு ஒரு சிலை இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறோம். அவர் இந்த ஊரில் வாழ்ந்தது எவ்வளவு காலம் தெரியுமா? ஏறக்குறைய எட்டே மாதம்!

இலங்கைக்கு வந்த மெதடிஸ்த திருச்சபையின் முதல் குழுவோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவர் அவர். வழியிலேயே மனைவி இறந்துபோனார். 1814 மே மாதம் குழுத் தலைவர் தோமஸ் கோக்கும் கடலிலேயே காலமானார். இரண்டு இழப்புகளோடு கரையிறங்கிய ஓல்டுக்குக் கிடைத்த இடம் மட்டக்களப்பு. துணைக்கு இன்னொரு பாதிரியார்கூட இல்லை.

அவர் தமிழ் படிக்கத் தொடங்கினார், பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். நோயும் களைப்பும் உடம்பைத் தின்றன. 1815 ஏப்ரல் முதலாம் திகதி கண்மூடினார்.

விசுவாசம் அவருக்கு நோயைத் தீர்க்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நோயாளியிடம் "நம்பினால் சுகமாகும்" என்று அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு மகிழ்ச்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியது சிறையிலிருந்து. கட்டு அவிழ்ந்த பிறகல்ல. கிறிஸ்தவர்கள் சொல்லும் சந்தோஷம் அந்த வகை: படுக்கையில் கிடந்தபடியே நாளைக்கு வரும் பிள்ளைக்காகப் பாடம் யோசிக்க வைக்கும்.

1814இல் அவர் போட்ட வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இருநூறு வருடம் தாண்டியும் அங்கே காலை மணி அடிக்கிறது, எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும்.