நான்கு மணி நேரம் கேட்ட தலைமையாசிரியர்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமில் நேற்றைய தினம் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினோம். இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். பள்ளிக்கூடம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்குச் சுற்றுச்சுவரும், கழிப்பறையும், ஒழுகும் கூரையுமே நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. அவற்றிற்கான மதிப்பீடு பற்றிப் பொறியாளர் பிற்பகலில் கூறுவார். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. பெயர் பதிந்தும் படிப்பு ஏறாத பிள்ளை, வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, "இது தேறாது" என்று ஊரே முடிவு கட்டிவிட்ட பிள்ளை ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. அப்பிள்ளையை நாம் என்ன செய்வது?

இதற்கு விடை தேடும்போது ஜப்பான் நாட்டில் நடந்த ஒரு வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்கிறது. கட்டுக்கதை அன்று. அக்குழந்தையே வளர்ந்து பெரியவளாகி, 1981-ஆம் ஆண்டில் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. டெட்சுகோ குரோயானகி என்பது அவர் பெயர். வீட்டில் அழைத்த பெயர் டோட்டோ-சான். இந்நூல் தமிழிலும் வெளிவந்திருக்கிறது. நூலகம் உள்ள ஊராட்சிகள் ஒரு பிரதி வாங்கி வைக்கலாம்.

1933-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் பிறந்த அப்பெண், முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நீக்கப்பட்டாள். அவள் செய்த குற்றம் யாது? அவள் வீட்டிலிருந்த மேசையில் இழுப்பறை இருந்தது. பள்ளி மேசைக்கோ மேலே திறந்து மூடும் மூடி. அக்குழந்தைக்கு அது பெரிய அதிசயமாகப் பட்டது. ஆதலால் எழுதுகோல் எடுக்க ஒரு முறை, திரும்ப வைக்க ஒரு முறை, தாள் எடுக்க ஒரு முறை என்று நாள் முழுதும் திறந்து திறந்து மூடினாள். அதைத் தடுத்தால் ஜன்னலருகே போய் நிற்பாள். தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூவி அழைப்பாள். அவர்கள் வந்து வாசித்தால் வகுப்பு முழுவதும் எழுந்து ஓடும். அவர்கள் போன பின்னும் ஜன்னலை விட்டு அகலாமல், கூரையில் கூடு கட்டும் குருவியிடம் உரத்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள்.

அந்த ஆசிரியையை நாம் குறை கூறப் போவதில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டியவர் அவர். கை ஓய்ந்து, தாயாரை அழைத்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியையின் கண்ணுக்கு அடங்காமையாகத் தெரிந்தது, குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் மகிழ்ச்சி. மூடி போட்ட மேசை கிடைத்த மகிழ்ச்சி! இதை அவளிடம் கேட்டறிந்தவர் அப்பள்ளியில் எவரும் இல்லை.

நாற்று மஞ்சளித்தால் விவசாயி அதைத் திட்டுவதில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, நீர் வடியாமல் வேர் அழுகுகிறதா என்று பிடுங்கிப் பார்க்கிறார். நிறம் ஒன்றுதான், காரணம் பலவாக இருக்கும். பயிருக்கு நாம் காட்டும் இந்த நிதானம் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏனோ வருவதில்லை. "மக்கு" என்ற ஒரு சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம்.

டோட்டோ-சானின் தாயார் அறிவுடையவர். நீக்கப்பட்ட செய்தியைக் குழந்தையிடம் அவர் சொல்லவேயில்லை. அவளுக்கு இருபது வயது கடந்த பின்னரே அவ்வுண்மை தெரிய வந்தது. வேறு பள்ளிக்குப் போகிறோம் என்று மட்டும் கூறி, டோமோயே என்னும் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். 1937-ஆம் ஆண்டு சோசாகு கொபயாஷி என்னும் தலைமையாசிரியர் தொடங்கிய சிறு பள்ளி அது. மாணவர் தொகை மொத்தமே ஏறத்தாழ ஐம்பது. கட்டடச் சிந்தனையிலேயே மூழ்கியிருக்கும் நமக்கு அப்பள்ளியின் தோற்றம் சிறிது வேடிக்கையாக இருக்கலாம். வாயிற்கம்பங்கள் வேரூன்றித் தழைத்த இரண்டு மரங்கள். வகுப்பறைகள் ஓட்டம் நின்றுபோன பழைய ரயில் பெட்டிகள்!

முதல் நாளன்று தலைமையாசிரியர் தாயாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல விரும்புவதை எல்லாம் சொல் என்றார். கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த குழந்தைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஏறி வந்த ரயில், பழைய பள்ளி, குருவிக் கூடு, வீட்டு நாய், தந்தையார் நீந்தும் திறமை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கொட்டாவி விடவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இனிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று அவளே ஓய்ந்தபோது பகல் உணவு வேளை வந்துவிட்டது. நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அதன் பின் அவள் தலைமேல் கை வைத்து, இன்று முதல் அவள் இப்பள்ளி மாணவி என்றார். அவ்வளவு நேரம் தன் பேச்சை அப்படிக் கேட்டவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று அந்த அம்மையார் எழுதுகிறார்.

அப்பள்ளியில் நடந்தவற்றுள் இரண்டு மூன்றை மட்டும் கூறுவோம்.

ஒரு நாள் அப்பெண் கழிப்பறைக்குள் தன் பணப்பையைத் தவறவிட்டாள். அக்காலத்துக் கழிப்பறை, கீழே தொட்டி கட்டியது. அவள் காவலாளியின் நீண்ட கரண்டியை எடுத்து வந்து, வெளிப்புற மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை வாரி வெளியே குவிக்கலானாள். அவ்வழியே வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். பையைத் தேடுகிறேன் என்றாள். அப்படியா என்று சொல்லிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். சற்றுப் பொறுத்து மீண்டும் வந்தார். குவியல் பெரிதாகியிருந்தது. முடிந்ததும் இவையனைத்தையும் பழையபடி உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று கேட்டுவிட்டு மறுபடியும் சென்றார். பை அகப்படவில்லை. ஆனால் குவியல் முழுவதையும் அக்குழந்தையே திரும்ப வாரிப் போட்டு மூடினாள். (நம் ஊர்களில் மலக்குழியருகே குழந்தைகளை விடலாகாது, மனிதரை அவ்வேலையில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதை அலுவலர் என்ற முறையில் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நாம் காட்ட விரும்புவது அவர் பேசிய விதத்தை.) அடித்திருந்தால் அழுகை மிஞ்சியிருக்கும். அவரே ஆள் வைத்துச் சுத்தம் செய்திருந்தால் அலட்சியம் வளர்ந்திருக்கும். தன் செயலின் பொறுப்பு தன்னுடையது என்பதை அக்குழந்தை ஒரே நாளில் கற்றாள். மேசை மூடியை நாள் முழுதும் ஆட்டிய அதே குழந்தைதான்!

அடுத்து விளையாட்டு விழா. கைகால் வளராமல் குட்டையாகவே இருந்த சிறுவன் ஒருவன் அங்கே படித்தான். துணியால் செய்த பெரிய மீனின் வாய் வழியே நுழைந்து வெளிவருதல், படிகளில் ஏறி இறங்குதல் முதலிய போட்டிகளைத் தலைமையாசிரியர் வகுத்திருந்தார். அவற்றில் நெடுங்கால் பிள்ளைகள் திணற, அச்சிறுவனே எல்லாவற்றிலும் முதலாக வந்தான். இது தற்செயல் அன்று. தான் முதல்வனாக வந்த அந்த நாளை அவன் ஆயுளுக்கும் மறவாதிருக்க வேண்டும் என்று எண்ணியே அவர் போட்டிகளை அமைத்தார் என்று அம்மையார் கருதுகிறார். பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கியும் கீரையும்! வெற்றிக் கோப்பைக்கு ஏங்கிய பிள்ளைகள் முள்ளங்கியைச் சுமந்துகொண்டு தெருவில் போக வெட்கப்பட்டனர். தம் உழைப்பால் வந்த காய்கறியை இன்றிரவு வீட்டாரோடு உண்ணும் இன்பத்தை அவர்களுக்கு எடுத்துச் சொன்னார் அவர்.

அதே சிறுவனைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மனிதனுக்கு முற்காலத்தில் வால் இருந்தது என்று பாடம் சொன்ன ஆசிரியை, விளையாட்டாக அவனைப் பார்த்து உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். பிள்ளைகளைக் கடிந்து பேசாத தலைமையாசிரியர் அன்று கடுங்கோபம் கொண்டார். தன் உயரத்தை எண்ணி உள்ளுக்குள் வருந்தும் பிள்ளைக்கு அச்சொல் எப்படித் தைக்கும் என்று அந்த ஆசிரியையிடம் கேட்டார். ஆனால் எங்கே கேட்டார்? தம் வீட்டுச் சமையலறையில், மற்ற ஆசிரியர்களுக்குக்கூடத் தெரியாமல்! டோட்டோ-சான் தற்செயலாகக் கேட்டதால்தான் செய்தி நமக்குக் கிடைத்தது. கிராம சபையில் ஊர் முன்னிலையில் ஆசிரியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கமுடைய உறுப்பினர்கள் இந்தச் சமையலறையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் மானத்தைக் காத்தவர் ஆசிரியையின் மானத்தையும் காத்தார்.

வேளாண் பெருமக்களுக்கு உரிய பகுதிக்கு வருகிறோம். ஒரு நாள் தலைமையாசிரியர் வேலை உடையிலேயே இருந்த ஓர் உழவரை அழைத்து வந்து பிள்ளைகள் முன் நிறுத்தி, இவர்தாம் உங்கள் வேளாண்மை ஆசிரியர் என்று அறிமுகம் செய்தார். அவரோ, நான் ஆசிரியன் அல்லேன், வெறும் விவசாயி என்று கூச்சத்தோடு மறுத்தார். தலைமையாசிரியர் விடவில்லை. பயிர்த்தொழிலைக் கற்றுத் தருபவர் ஆசிரியரே, ரொட்டி செய்யக் கற்றுத் தருபவரும் ஆசிரியரே என்றார். பின்னர் பிள்ளைகள் அவருடைய நிலத்துக்குச் சென்றனர். களை ஏன் எடுக்க வேண்டும், அது பயிரின் உணவை எப்படிப் பறிக்கிறது என்பதைக் கையால் களை பறித்துக்கொண்டே கேட்டனர். மண்வெட்டி பிடித்தனர், பாத்தி கட்டினர், விதைத்தனர். விதை முளைத்ததா என்று பார்த்து வருவதே சில நாட்களுக்குப் பெரும் பேச்சாயிற்று. ஏட்டில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை வரப்பில் நின்றால் வாய் ஓயாமல் பேசுவதை நாம் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த வரப்புக்கும் பள்ளிக்கும் இடையே பாலம் போட்டவர் சிலரே.

இப்போது உங்களில் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்: "ஐயா, அவருக்கு ஐம்பது பிள்ளைகள். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துகிறார். நான்கு மணி நேரத்துக்கு அவர் எங்கே போவார்?" நியாயமான கேள்வி. டோமோயே தனியார் பள்ளி. அதை அப்படியே இங்கே நட முடியாது. எனினும் நான்கு மணி நேரம் என்பது நாள்தோறும் செலவிட்டதன்று. ஒரு பிள்ளைக்கு ஒரு முறை. அதற்கு மானியம் வேண்டுவதில்லை. ஆசிரியருக்கு அந்த நேரம் இல்லையெனில், பள்ளி மேலாண்மைக் குழு எதற்கு இருக்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், உங்கள் ஊராட்சியின் பிரதிநிதியும் உண்டு. கையெழுத்திட்டுத் தேநீர் அருந்திக் கலைவதற்காக அக்குழு ஏற்படவில்லை. தொடக்கக் கல்வி முடியும்வரை எப்பிள்ளையையும் நீக்கலாகாது என்றும், அடித்தலும் மனத்தைப் புண்படுத்தலும் கூடாது என்றும் அச்சட்டமே கூறுகிறது. டோட்டோ-சானுக்கு நேர்ந்தது இங்கே சட்டப்படி நேரக் கூடாது. ஆனால் நீக்காமலே ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் விட்டுவைக்க முடியும். அதற்கு எந்தச் சட்டமும் தடையாக இராது.

அப்பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டால் என்ன வெளிவரும்? கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லை என்று வரலாம். ஒரு காது கேட்கவில்லை என்று வரலாம். வீட்டில் பேசுவது வேறு மொழியாக இருக்கலாம். செங்கற்சூளைக்குப் பெற்றோருடன் போய் நான்கு மாதப் பாடம் விட்டுப்போயிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும், அறிவு நன்றாகவே இருந்தும், எழுத்து மட்டும் இடம் மாறித் தடுமாறலாம். இத்தகைய குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகவே ஏற்றுள்ளது. மருத்துவச் சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. பிரம்பால் இவற்றுள் ஒன்றும் தீராது.

டோமோயே பள்ளி 1945-ஆம் ஆண்டு வான்தாக்குதலில் எரிந்து போயிற்று. எரியும் பெட்டிகளைப் பார்த்து நின்ற கொபயாஷி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று தம் மகனிடம் கேட்டாராம். அந்தத் தொடக்கப் பள்ளியை மீண்டும் காணாமலே 1963-ஆம் ஆண்டில் காலமானார். பேச்சு ஓயாத அப்பெண்ணோ 1976-ஆம் ஆண்டு தொடங்கித் தொலைக்காட்சியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறரோடு உரையாடும் நிகழ்ச்சியை நடத்தியவர். 1984-ஆம் ஆண்டில் யூனிசெஃப் நிறுவனத்தின் நல்லெண்ணத் தூதர் ஆனார். தம் நூலின் வருவாயைக் கொண்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, காது கேளாதோர் நாடகக் குழுவுக்கு உதவினார். அவரைக் காணும்போதெல்லாம், நீ உண்மையாகவே நல்ல பிள்ளை என்னும் பொருள்பட அந்தத் தலைமையாசிரியர் சொல்லி வந்தாராம். அந்த "உண்மையாகவே" என்பதன் பொருள் பெரியவளான பின்னரே விளங்கியது என்கிறார். ஊரார் சொல்லுவது வேறு, நீ வேறு என்று அவர் சொல்லிவந்திருக்கிறார்.

இனி ஒரு வேலை. பிற்பகல் அமர்வுக்கு வருமுன் ஒவ்வோர் ஊராட்சியினரும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுள் யாரைப் பற்றி இப்படி முடிவு கட்டியிருக்கிறோம் என்று கலந்து பேசி, ஒரு பெயரும், அப்பிள்ளையோடு உட்காரப் போகும் உறுப்பினர் ஒருவரின் பெயரும், நாளும் எழுதி எடுத்து வாருங்கள். கூட்டத்தில் படிக்க வேண்டா. மடித்து நம் கையில் தந்தால் போதும்.