நட்சத்திர ஆமையும் தரிசு நிலக் கணக்கும்

அழகு சில வேளைகளில் ஆபத்தாகவும் முடிவதுண்டு. கறுத்த ஓட்டின் மீது மஞ்சள் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை இதற்குச் சான்றாகும். குஜராத், இராஜஸ்தான் பகுதிகளிலும், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய தென் மாநிலங்களிலும், அண்டை நாடுகளான பாகிஸ்தான், இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளே இதன் உறைவிடம். வீட்டில் வளர்ப்பதற்கென அயல்நாடுகளில் இதற்குள்ள கிராக்கியே கடத்தலுக்கு முதற்காரணம்.

சட்டத்திற்குக் குறைவில்லை. இதனைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையும் 2019இல் இதனை முதலாம் இணைப்பில் சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்தது. எனினும் கடத்தல் ஓயவில்லை. ஆந்திரத்தின் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுதோறும் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டன என்று 2015இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இந்த எண்ணிக்கையின் பொருள் யாது? நட்சத்திர ஆமை பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். ஓர் ஈட்டில் இடும் முட்டைகளோ சிலவே. ஆகவே, காட்டிலிருந்து எடுக்கப்படுவது வட்டியன்று, முதலேயாகும். முதல் கரைந்தபின் அதனை மீண்டும் சேர்ப்பது எளிதன்று.

விமான நிலையத்தில் பறிமுதல் செய்தவுடன் இழப்பு ஈடாகிவிடுவதில்லை. பிடிபட்ட ஆமை எந்தக் காட்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. வடமேற்கு இனத்தொகுதிக்கும் தென்னிந்தியத் தொகுதிக்கும் மரபணு வேறுபாடு உண்டு. ஆராயாமல் ஏதேனும் ஒரு காட்டில் விட்டால் மரபுக் கலப்பும் நோய்ப் பரவலும் நேரக்கூடும்.

கடத்தலைப் போன்றே கவலைக்குரியது உறைவிட இழப்பு. ஊரக வளர்ச்சி அமைச்சகமும் தேசியத் தொலையுணர்வு மையமும் 2019இல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பு, புதர் நிலங்களையும் தரிசின் வகைகளுள் ஒன்றாகவே கொள்கிறது. தரிசு எனப் பெயர் பெற்ற நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதில் எவருக்கும் தயக்கம் எழுவதில்லை. ஆனால் அந்நிலம் ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் தருகிறது. ஆமைக்குப் புல்லும் இலையும் நிழலும் தருகிறது. ஆமையும் தான் உண்ட கனிகளின் விதைகளைப் பரப்புகிறது.

எனவே, காவல் விமான நிலையத்தில் அன்று, புதர்க்காட்டின் ஓரத்துக் கிராமத்திலேயே தொடங்க வேண்டும். ஆமை பிடித்துக் கொடுப்போருக்கு மாற்று வருவாய் வேண்டும். நிலப் பயன்பாட்டுக் கோப்பில் ஒப்பமிடும் அலுவலர், 'தரிசு' என்ற ஒரு சொல்லை எழுதுமுன் அங்கு வாழ்வன யாவை என வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் பணியில் மாணவர்க்கும் பங்குண்டு.