எட்டு மணி நேரம், குரங்கணியில்

(சித்திரைப் புத்தாண்டு அன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் பி பிளாக் சாரும் மேடமும் கப்பலில் நார்வே போன கதையைப் படம் போட்டுக் காட்டினார்கள். பெர்கன் என்ற துறைமுக ஊர். காலையில் கப்பல் கரை சேர்ந்தது. சாயங்காலம் நாலரைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், வராதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அந்த எட்டு மணி நேரத்தில் அவர்கள் பார்த்ததை நாமும் பார்த்தோம். நன்றாக இருந்தது. நான் சொல்லப்போவது மினிபஸ் ஏறிப் போய் வந்த கதை. ஊர் குரங்கணி. எங்களுக்கும் கிடைத்தது எட்டு மணி நேரம்தான்.

அவர்கள் சொன்னதில் இரண்டு விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. ஒன்று, அங்கே பன்னில் ஏலக்காய் வாசனை வருகிறது என்று மேடம் சொன்னது. எங்கோ வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ரொட்டிமாவில் ஏலக்காயைத் தட்டிப் போடுகிறார்கள்! நான் போடிநாயக்கனூர் கிளையில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். ஏலக்காய் மூட்டையைத் தாண்டித்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். அந்த வாசனை பெர்கன் வரை போயிருக்கிறது என்று கேட்டதும் பெருமையாக இருந்தது. ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் விளைவது மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலாவில். மேடம் சாப்பிட்ட பன்னில் இருந்தது நம்ம ஊர்க் காயா, அவர்கள் காயா என்பது அந்த பேக்கரிக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது, துறைமுகத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் மரவீடுகள். 1702-ல் பெரிய தீ விபத்தில் எரிந்துபோனவற்றைப் பழைய அமைப்பிலேயே மறுபடியும் கட்டினார்களாம். 1979-ல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே தங்கிய வியாபாரிகள் குளிருக்குக்கூட வீட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. சமையலுக்கும் குளிர்காயவும் பின்பக்கம் தனிக் கட்டிடம் இருந்தது. சார் இதைச் சொன்னபோது நாம் எல்லோரும் அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். எனக்கு மட்டும் குரங்கணி ஞாபகம் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு அன்று நம் சங்கத்திலிருந்து 24 பேர் கிளம்பினோம். ஏற்பாடு செய்தவன் நான். காலை 5 மணிக்கு மதுரையை விட்டு, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி வழியாக எட்டு மணிக்குப் போடியில் இட்லி சாப்பிட்டோம். பக்கத்திலேயே ரயில் நிலையம். 1928-ல் வந்த ரயில், அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றது. திரும்பி வந்தது 2023 ஜூன் 15-ல். நான் அந்த ஊரில் வேலை பார்த்த காலம் முழுக்க ரயில் கிடையாது. "ரயில் எப்ப சார் வரும்?" என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பார்கள், ஏதோ நான்தான் கொடியசைக்க வேண்டும் என்பது போல.

போடியிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் குரங்கணி. வழியெல்லாம் மாந்தோப்பு, இலவ மரம். இலவங்காய் வெடிக்கிற பருவம் நெருங்கியிருந்தது. மலை மூன்று பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். 'மைனா' படம் பார்த்தவர்களுக்கு இந்த மலையும் வீடுகளும் தெரிந்திருக்கும். எங்களைப் பார்த்ததும் ஒரு டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். சி பிளாக் அக்கா ஒருவர், "இங்க என்ன சார் பார்க்கிறதுக்கு இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாதிரி அங்கே எதுவும் இல்லை.

நான் சொன்னேன்: "அக்கா, இது ஒரு துறைமுகம். தண்ணி மட்டும்தான் இல்லை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேலே மூணாறு பக்கம் வெள்ளைக்காரர்கள் தேயிலை போட்டபோது அதைக் கீழே கொண்டுவர ரோடு கிடையாது. 1902-ல் குண்டளை பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி போட்டார்கள். 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில், அதாவது ரோப்வேயில், தொங்கிக்கொண்டே சுமார் 5 கிலோமீட்டர் கீழே இறங்கும். இறங்குகிற இடம் இந்தக் கொட்டகுடி, குரங்கணிப் பக்கம். அதற்குப் பெயரே பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு ரயில், பிறகு கப்பல், கடைசியில் இங்கிலாந்து. 1924 ஜூலை வெள்ளத்தில் மேலே இருந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது, அதை மறுபடி போடவேயில்லை. லண்டனில் ஒரு சீமாட்டி குடித்த டீ இந்த ஊர் மாட்டுவண்டியில் குலுங்கிப் போனதாக இருக்கலாம். இதைச் சொன்னதும் அக்கா டீயை நிதானமாகக் குடித்தார்.

இன்றைக்கும் மேலே இருக்கிற சில குடியிருப்புகளுக்கு அரிசி பருப்பு போவது கோவேறு கழுதை முதுகில்தான். தேர்தல் சமயத்தில் குதிரையில் வாக்குப்பெட்டி போகிற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், அது இந்தப் பக்கம்தான். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கால் நனைக்கப் போதுமானதாக இருந்தது. என் பேத்திக்கு வயது பதினொன்று. செருப்பை ஆற்றில் விட்டுவிட்டு, அதைப் பிடிக்க ஓடி, இன்னொரு செருப்பையும் விட்டாள்.

பதினோரு மணி இருக்கும். என் மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. நன்றாக நடப்பார், ஓடுவார். அவரும் காலேஜ் பையன்கள் மூன்று பேரும் டீக்கடைக்குப் பின்னால் யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வந்து சொன்னார்: "மாமா, கொழுக்குமலைப் பாதையில ஒரு மணி நேரம் ஏறிட்டு வந்துடறோம். இவர் கூட்டிட்டுப் போறாராம். செக்போஸ்ட் பக்கமே போக வேண்டாம், தோட்டத்து வழியா போயிடலாம்கிறார்."

மாப்பிள்ளைக்கு 'இல்லை' சொல்வது சாதாரண விஷயமா, சொல்லுங்கள்? கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் நான் சொன்னதே இல்லை. அதுவும் 'டீக்கடை பெஞ்சில் உட்காரவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்கள்' என்று பையன்கள் மனசுக்குள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஒரு நிமிஷம், போய்விட்டுத்தான் வரட்டுமே என்று எனக்கும் தோன்றியது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மலையைப் பார்த்தேன். ஆள் உயரப் புல், காய்ந்து வைக்கோல் நிறத்தில். காற்று அடிக்கிறது. 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இருந்திருக்கும். கொழுக்குமலைக்கு ஏறிப் போன சென்னைக்காரர்களும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இறங்கி வரும்போது காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் இளம் வயது, பாதிக்கு மேல் பெண்கள். அங்கேயும், பிறகு ஆஸ்பத்திரியிலுமாக 23 பேர் போய்விட்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன.

மறுநாள் திங்கட்கிழமை. நான் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பணம் எடுக்க வந்த குரங்கணிக்காரம்மா சலானை நீட்டிவிட்டு, "வீட்டுக்காரரு ராத்திரி டார்ச் எடுத்துட்டு மேல போனாரு சார், இன்னும் வரல" என்றார். 500 ரூபாய்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். நான் மூன்று தடவை எண்ணினேன்.

இதெல்லாம் என் மனதில் ஓடியது. மாப்பிள்ளையிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாப்பிள்ளை, மன்னிச்சுக்கோங்க. வேண்டாம். இங்க கூட்டிட்டு வந்தது நான். போகவிட மாட்டேன்." எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விவரிக்க இந்த இதழில் இடம் போதாது.

அப்போது டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினார். "தம்பி, தீ கீழ வர்றதவிட மேல வேகமாப் போகும். அனல் மேல ஏறி, எட்டுறதுக்கு முந்தியே மேல இருக்கிற புல்லைக் காய வச்சிரும். ஓடி ஜெயிக்க முடியாது. மலையில பிறந்த எங்களாலயே முடியாது." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அன்னிக்கு ராத்திரி நானும் போனேன். போர்வையில போட்டு நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். ஒரு புள்ள தண்ணி கேட்டுச்சு. பேசிக்கிட்டே வரணும்னு பேரு கேட்டேன், சொல்லிச்சு. ரெண்டு நாள் கழிச்சு பேப்பர்ல அந்தப் பேரப் பாத்தேன்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. கூட்டிப் போகிறேன் என்று சொன்ன ஆள் எப்போது போனார் என்றே தெரியவில்லை.

அதே 2018-ல் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையதளம் வந்தது. 40 பாதைகள். நம் குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்கும் பிழைப்பு. ஆனால் தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். நாங்கள் போனபோது மூடியிருந்தது. அது தெரிந்துதான் நான் நடைப்பயணம் என்று போடாமல் 'ஒரு நாள் உலா' என்று நோட்டீஸ் போட்டேன். ஆனால் காரணத்தை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லவில்லை. அது என் தவறு. சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு மணிச் சங்கடமே வந்திருக்காது.

இப்போது பெர்கன் மரவீடு ஏன் ஞாபகம் வந்தது என்று புரிந்திருக்கும். குளிர் எலும்பைத் துளைக்கிற ஊரில், வீட்டுக்குள் நெருப்பு கூடாது என்றால் அந்த வியாபாரிகளும் முணுமுணுத்திருப்பார்கள். எரிந்த ஊர் அப்படித்தான் விதி போடும். குரங்கணியும் எரிந்த ஊர். அங்கே மூடியிருக்கிற கேட்டை வெளியூர்க்காரனுக்குச் செய்கிற இடைஞ்சல் என்று நினைக்கக் கூடாது. நாம் தப்பான வழியில் போய் மாட்டிக்கொண்டால், ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு மேலே ஏறப்போவது அந்த டீக்கடைக்காரர்தான்.

மதியம் ஆற்றங்கரை மாமரத்தடியில் புளியோதரையும் தயிர்சாதமும். கொண்டுபோன பேப்பர் தட்டு ஒன்றுகூட விடாமல் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். அடுப்பு பற்றவைக்கவில்லை. புகை பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் அன்று முழுக்க விரதம் இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் இன்னும் நம்பவில்லையாம்.

மூன்றரைக்குக் கிளம்பி, போடியில் ஏலக்காய் வாங்க அரை மணி நேரம். எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று காயின் பருமனை வைத்து விலை. கடைக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை நான் பார்த்தவன். இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதையும் பார்த்தேன். ஏறினபோது நகையை மீட்டவர்களே இறங்கினபோது அதே நகையை என் கவுண்டருக்குக் கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வேலைக்குப் போகிற பெண்களின் கைதான் அந்த வாசனைக்கு முதல் காரணம். பி பிளாக் மேடத்துக்கு நூறு கிராம் வாங்கி வந்து கொடுத்தேன். பன் செய்தால் எங்களுக்கும் உண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இங்கே எல்லோரும் சாட்சி.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை படியில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார். "இருபத்தி மூணுதான் வருது மாமா" என்றார் பதற்றமாக. நான், "உங்களையும் சேர்த்து எண்ணுங்க மாப்பிள்ளை" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த சுற்றுலாவுக்கு நான் சங்கத்தின் முன் வைக்கிற கோரிக்கை நான்கு. போகிற இடம் அந்த மாதத்தில் திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்போம். அனுமதி தேவைப்படும் இடத்துக்கு அனுமதியோடு மட்டும் போவோம். என்ன செய்யக் கூடாது, ஏன் என்பதை நோட்டீஸிலேயே போடுவோம். திரும்பும் நேரத்தைக் கப்பல் மாதிரி வைத்துக்கொள்வோம். மழைக்குப் பிறகு சாம்பலாறு பாதை திறக்கும்போது, வழிகாட்டியோடு, நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும். எனக்கு முழங்கால் வலி. நான் டீக்கடை பெஞ்சில் காத்திருக்கிறேன்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கீழே அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். முதல் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பெங்களூரிலிருந்து போன் செய்து எழுதச் சொன்னார்.