வீட்டுத் தோட்டத்தில் சொடக்குத் தக்காளி
(திருவண்ணாமலையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்ணாமலையின் அடிவாரத்திலே கூடியிருக்கும் நாம் இன்று ஒரு சிறு செடியைப் பற்றிப் பேசுவோம். மணிலாக் கொல்லையிலும் வரப்போரத்திலும் மழைக்குப் பின் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளியை அறியாத உழவர் நம்மிடையே இரார். அதன் காற்றடைத்த உறையை நெற்றியிலே அடித்து, சொடக்கென்று வெடிக்கவைத்து விளையாடியவர்களே நம்மிற் பலர்.

ஆயினும், களைக்கொல்லி தெளித்த கொல்லையில் இச்செடி நிற்பதில்லை. தப்பி நின்றாலும் அதன் பழத்தைப் பிள்ளைகள் உண்ணலாகாது. ஆகவே, கொல்லையில் இழந்ததை வீட்டுப் புறக்கடையிலே வளர்த்துக்கொள்வதே அறிவுடைமையாகும். இதன் உறவுச் செடியொன்று தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து வந்து நீலகிரியில் விளைகிறது. அது குளிர்ச்சியை நாடுவது. நம் சமவெளிக்கு நம் சொடக்குத் தக்காளியே ஏற்றது.

ஆடி மாதத்தில் நன்கு பழுத்த பழத்தின் விதையை மணலுடன் கலந்து விதைப்பாத்தியில் மேலாகத் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். விதை மிகச் சிறியதாதலால் ஆழப் புதைத்தல் கூடாது. ஏறக்குறைய 4 வாரங்களில், நாற்று 6 இலை விட்டதும், 2 அடிக்கு ஒன்றாக மேட்டுப்பாத்தியில் நடலாம். மக்கிய தொழுவுரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், காய் குறையும். பாத்திரம் கழுவிய நீரைப் பாய்ச்சலாம். ஆனால் சோப்பு கலந்த நீர் ஆகாது. கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த இடத்தில் அடுத்த பருவமே இதை நடுதல் தகாது. இவை ஒரே குடும்பத்தனவாதலால் ஒன்றைப் பற்றிய நோயும் பூச்சியும் மற்றதையும் பற்றும்.

நட்ட 2 மாதங்களுக்கு மேல், ஐப்பசி, கார்த்திகையில் பழம் வரும். இதன் அறுவடைக்கு ஒரு தனி முறை உண்டு. செடியிலிருந்து பறிக்க வேண்டுவதில்லை. பழுத்தது தானே உதிரும். உறை காய்ந்து வைக்கோல் நிறமாகி, உள்ளே பழம் மஞ்சளாக இருத்தலே பக்குவத்தின் அடையாளம். அது மழைக் காலமாதலால், ஈரமண்ணில் பழம் அழுகாதபடி செடியடியில் வைக்கோல் பரப்பி, நாள்தோறும் காலையில் பொறுக்க வேண்டும். உறையோடு நிழலில் உலரவைத்தால் 2 வாரங்களுக்குக் குறையாமல் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பச்சைக் காயிலும் இலையிலும் நச்சுத்தன்மை உண்டு, பிள்ளைகள் உண்ணலாகாது. மேலும், தரிசு நிலத்தில் வளரும் அமுக்கிராச் செடியின் பழமும் இவ்வாறே உறைக்குள் இருக்கும். அமுக்கிரா சாம்பல் பூத்த இலையுடைய குத்துச்செடி. அதன் பழம் சிவப்பாகப் பழுக்கும். சொடக்குத் தக்காளியோ மஞ்சளாகப் பழுக்கும். உறைக்குள் சிவந்த பழம் கண்டால் தொடாதே என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் சொல்லிவைத்தல் கடமையாகும். இதைச் சொல்லித்தந்த பாட்டிமார் குறைந்துவிட்ட இந்நாளில், பள்ளியும் ஊராட்சியுமே அப்பணியை ஏற்க வேண்டும்.

இச்செடியால் எவரும் செல்வராகிவிடமாட்டார் என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். ஆயினும், காசு கொடுத்துப் பழம் வாங்க இயலாத வீட்டிலும் ஒரு குழந்தை தன் கையால் பொறுக்கி உண்ணும் பழம் இது. எனவே உறுப்பினர்கள் தத்தம் வார்டில் ஒரு வீட்டிலேனும், பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தியிலேனும் இதைத் தொடங்கிவைக்க வேண்டுகிறோம். முதல் பழங்களிற் சிலவற்றைப் பிசைந்து, கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி வைத்தால், அடுத்த ஆடிக்கு ஊர் முழுவதற்கும் விதை கிடைக்கும்.