குப்பையும் சபையின் உடைமையே!



குப்பையைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், பேசித்தான் ஆகவேண்டும். நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகரசபை, இரண்டு நகரசபைகள், ஒன்பது பிரதேச சபைகள், ஆகப் பன்னிரண்டு உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. சபைகளின் எல்லைகளை வாவி அறியாது. ஒரு சபை கரையோரத்தில் கொட்டியதை மாரி வெள்ளம் மறு சபையின் கரையில் கொண்டு சேர்க்கிறது. எழுவான்கரையின் அழுக்கு படுவான்கரைக்கும் கேடாகிறது. வலை வீசுபவனுக்கு மீனுக்குப் பதில் பொலித்தீன் பை கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, குப்பை அகற்றுவதைச் சபையின் கடமையாக்குகிறது. 130ஆம் பிரிவு, சேகரித்த குப்பை சபையின் உடைமை என்றும், அதனை விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டென்றும் விதிக்கிறது. நகரசபைகளும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிரதேச சபைகளும் இத்தகைய பொறுப்பையே ஏற்றுள்ளன. உடைமை சபையினது எனில், அதனால் விளையும் கேட்டுக்கும் சபையே விடை கூறவேண்டும். ஏழைகள் வாழும் ஓரத்தில் கொட்டிவிட்டுக் கைகழுவுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கைகழுவியதன் பயனை நாடு கண்டது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அண்டையிலுள்ள அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பையோடு பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மடிந்தன என்ற செய்தி 2022இல் உலகெங்கும் பரவியது. நமது திருப்பெருந்துறை மக்களும் தம் வாசலில் மாநகரக் குப்பை குவிவதை எதிர்த்துக் குரலெழுப்ப நேர்ந்தது.

ஆகவே, சபைகள் எதை முதலிற் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்பதே கேள்வி. எந்தத் திட்டம் வந்தாலும் நாம் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். புதைக்கும் குப்பையின் அளவு இதனாற் குறையுமா? கட்டித் தந்தவர் போனபின் ஆண்டுதோறும் நடத்தும் செலவைச் சபை தாங்குமா? இதன் தீங்கு எவர் தலையில் விழும்?

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொன் குப்பை வேண்டும். நமது சபைகளிடம் அவ்வளவு குப்பை ஏது? உள்ளதிலும் பாதிக்கு மேல் ஈரமான உணவுக்கழிவும் இலைகுழையும். ஈரவிறகை வைத்து உலை மூட்டுவார் உண்டோ? ஏறாவூர்ப்பற்றுக் கொடுவாமடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு முறைப்படி அமைந்த நிரப்பிடம் இருக்கிறது. நல்லதே. ஆனால் உக்கக்கூடியதையும் அதிற் கொட்டினால் அது விரைவில் நிரம்பிவிடும். பின்னர் வேறொரு கிராமத்தைத் தேடவேண்டி வரும்.

முதலில் வேண்டுவது இயந்திரமன்று. வீட்டுவாசலில் இரண்டு கூடைகள். உக்குவது ஒன்றில், உக்காதது மற்றொன்றில். வீட்டில் பிரித்ததைச் சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டினால் மக்களின் நம்பிக்கை அன்றே மாயும். ஆதலால் வெவ்வேறு நாளில் வெவ்வேறாக ஏற்றவேண்டும். இரண்டாவது, உக்குவதைப் பசளையாக்குதல். மூன்றாவது, போத்தல், கடதாசி, தகரம் ஆகியவற்றை விற்றல். இவை போக எஞ்சுவது மட்டுமே நிரப்பிடத்துக்குச் செல்லவேண்டும். அந்நிரப்பிடத்தின் செலவைச் சபைகள் கூடிப் பகிரவேண்டும்.

உழவர் பெருமக்களே! 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டிற் பின்வாங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேதனப் பசளை ஆணையினால் ஒரே நாளிற் பிறப்பதன்று. மாதக்கணக்கிற் கிளறி, நனைத்து, உக்கவைத்துப் பெறுவது. கண்ணாடித் துண்டும் பற்றரியும் கலந்ததை எந்த உழவர் தம் நிலத்தில் இடுவார்? தூய பசளையைச் சபையிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நகரத்தார் பிரித்துக் கொடுத்தாலன்றி அவ்வுரிமை பயன் தராது.

வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, குப்பைக்கென ஒதுக்கிய பணத்தில் பிரிப்பதற்கு எவ்வளவு, கொட்டுவதற்கு எவ்வளவு என்று உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள். விடை எழுத்தில் வரட்டும். வாவி நமது பொதுச் சொத்து. அதன் கணக்கைக் கேட்பது நமது கடமை.