மாத்திரையும் பால் காப்பியும்

மட்டாஞ்சேரியில் இருந்து எடப்பள்ளி அமிர்தா மருத்துவமனைக்கு ஸ்டெம் செல் சிகிச்சைக்காகச் செல்லும் குடும்பங்களுக்கு இன்று ஒரு தகவல்.

நாற்றைப் பிடுங்கி நட்டால் உடனே கதிர் வருமா? முதலில் வேர் பிடிக்க வேண்டும். புதிய ஸ்டெம் செல்லும் அப்படித்தான். எலும்பு மஜ்ஜையில் வேர் பிடித்ததும் வெள்ளை அணுக்கள் ஏறும். தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஏறும். அதுவரை ரத்தக்கசிவு பயம் உண்டு. தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஏற்றுவார்கள். ஆனால் அவை சில நாள்தான் தாங்கும்.

தட்டணுக்கள் ஏறத் தாமதமானால், சிலருக்கு எல்ட்ராம்போபேக் என்ற மாத்திரை தருவார்கள். மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களை உருவாக்கச் செய்யும் மருந்து இது.

இந்த மாத்திரையைப் பாலோடு சேர்க்காதீர்கள். தயிர், மோர், பால் காப்பியும் கூடாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உடம்பில் முழுதாகச் சேராது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான்.

பால் குடித்தால் 4 மணி நேரம் கழித்து மாத்திரை. மாத்திரை போட்டால் 2 மணி நேரம் கழித்துப் பால். மாத்திரைக்குத் தண்ணீர் போதும். எந்த நேரம் உங்களுக்குத் தோதானது என்று மருத்துவரிடம் கேட்டு, எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.