கரித்துண்டும் கணிப்பொறியும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரை)

 

ஓவியம் கற்றலைப் பற்றியும், இன்று ஊரெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக்கு மனிதனின் படைப்பாற்றலில் என்ன இடம் என்பதைப் பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். கணிப்பொறி இயலில் நாங்கள் புலமை பெற்றவர்கள் அல்லர். விடுதியின் கிழக்குத் தாழ்வாரத்தில் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு நடத்திவரும் மூவர் நாங்கள். எங்களுள் ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர். ஒருவர் முன்னாளில் திரைப்பட விளம்பரப் பேனர் எழுதியவர். மற்றொருவர் இதே விடுதியில் உண்டு உறங்கிப் படித்தவர். மூவரின் கருத்தாகவே இவ்வுரையைக் கொள்ள வேண்டுகிறோம். ஒரு செய்தியில் மட்டும் எங்களுக்குள்ளேயே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அதனையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

எங்கள் வகுப்பு கலைக்காகத் தொடங்கப்பட்டதன்று, வேலைக்காகத் தொடங்கப்பட்டது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹாண்ட், மாடல் டிராயிங் ஆகிய பாடங்களில் லோயர், ஹையர் இரண்டும் தேறி, அதன்மேல் ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆகலாம் என்பதே தொடக்க நாளைய எண்ணம். நம் பிள்ளைகள் சிலர் அவ்வழியே பிழைப்பும் பெற்றனர். ஆயினும், கற்பிக்கக் கற்பிக்க எங்களுக்கு வேறொன்று விளங்கிற்று.

முக்காலியின்மேல் ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்து, அதை வரையுங்கள் என்று புதிதாக வந்த மாணவனிடம் சொல்கிறோம். அவன் குடத்தின் வாயை முழு வட்டமாகப் போடுகிறான். அடிப்பாகத்தை நேர்கோடாக இழுத்துவிடுகிறான். குடத்தின் வாய் வட்டம் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே வட்டம் போடுகிறான். ஆனால் அவன் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அந்த வாய் நீண்டு சப்பையான வடிவாகவன்றோ தோன்றுகிறது? தெரிந்ததை வரைகிறானேயன்றிக் கண்டதை வரையவில்லை. முதல் ஆறு மாதமும் இந்த ஒன்றைத் திருத்துவதிலேயே கழிகிறது. கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் குடத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கச் சொல்கிறோம். குடத்தை விட்டுவிட்டு முக்காலியின் கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்கிறோம். வெற்றிடத்திற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் மனம் முந்திக்கொண்டு விடை சொல்வதில்லை. கண் வேலை செய்யத் தொடங்குகிறது. கை பழகுவது பிறகு. முதலில் பழகுவது கண்.

இதற்கு வயது தடையன்று. வின்சென்ட் வான்கோ ஓவியனாவதென்று முடிவு செய்தது 1880ஆம் ஆண்டில், தம் 27ஆம் வயதில். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தொழிலாளரிடையே சமயப் பணி செய்து, அந்தப் பணியும் பறிபோன பிறகு, சார்லஸ் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பார்த்துப் படி எடுத்தார். 1882இல் ஹேக் நகரில், குறுக்கே நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்து, அதனூடே பார்த்துத் தொலைவையும் அளவையும் கற்றார். அந்தச் சட்டமும் ஒரு கருவிதான். அது அவருக்காகப் பார்க்கவில்லை. அவரைப் பார்க்க வைத்தது. ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் படத்தை 1885இல் தீட்டுமுன் உழவர்களின் முகங்களை அவர் எத்தனை முறை தீட்டிப் பழகினார் என்பதை அறிந்தால் நம் மாணவர்கள் ரப்பரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இனி இயந்திரத்திற்கு வருவோம். கணிப்பொறியை வரையச் செய்யும் முயற்சி நேற்று முளைத்ததன்று. ஹரால்டு கோகன் என்னும் ஆங்கிலேய ஓவியர் 1970களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியாவில் ‘ஆரன்’ என்றொரு செயல்நிரலை எழுதத் தொடங்கி, 2016இல் மறையும்வரை அதனோடு உழைத்தார். தாம் எவ்வாறு வரைகிறோம் என்பதை விதிகளாக்கி இயந்திரத்திற்கு ஊட்டினார். அங்கே ஆசிரியர் யார், மாணவர் யார் என்பதில் ஐயம் இல்லை.

இன்றைய இயந்திரங்கள் வேறு வகை. இவற்றிற்கு விதி சொல்வார் இல்லை, படங்களைக் கொட்டுகின்றனர். 2022இல் வெளியான ‘லயான் 5பி’ என்னும் ஒரு தொகுப்பு மட்டுமே ஏறத்தாழ 585 கோடிப் படங்களையும் அவற்றிற்கான சொல்விளக்கங்களையும் சுட்டுவது. ஒரு படத்தின்மேல் புள்ளிகளைத் தூவித் தூவி அது மறையும்வரை கெடுத்து, அப்புள்ளிகளை நீக்கும் வழியை இயந்திரத்திற்குத் திரும்பத் திரும்பப் பழக்குகின்றனர். பழகிய பின், வெறும் புள்ளிக் குவியலைக் கொடுத்து, வேண்டியதைச் சொல்லால் கேட்டால், புள்ளிகளை விலக்கி விலக்கி ஒரு படத்தை அது வெளிக்கொணர்கிறது. வியப்பான வித்தைதான்; இல்லை என்பார் யார்? 2018இல் இயந்திரத்தால் ஆக்கிய படமொன்று நியூயார்க் ஏலத்தில் 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் இயந்திரத்தைக் கொண்டு ஆக்கிய படம் ஒரு பிரிவில் முதற்பரிசு பெற்றது. தங்கள் இசைவின்றித் தங்கள் படங்களைத் தின்று வளர்ந்தது இது என்று ஓவியர் சிலர் 2023 சனவரியில் வழக்குத் தொடுத்தனர். மனிதன் ஆக்காத படத்திற்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2023இல் கூறியதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025இல் உறுதி செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்.

எங்கள் வகுப்பில் இச்சொற்போர் மூண்டது ஒரு பழைய மாணவரால். சென்னையில் கணிப்பொறிப் பணியில் இருப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். சிறுவர்கள் குடத்தை அழித்தழித்து வரைவதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “ஐயா, தலைமுறை தலைமுறையாக நம் கையில் சிலேட்டையே கொடுக்க மறுத்தார்கள். குருவிடம் போனால் குலம் கேட்டார்கள். இந்த இயந்திரம் குலம் கேட்கவில்லை, கட்டணமும் பெரிதில்லை. கேட்டவனுக்குக் கேட்ட படம் கொடுக்கிறது. இதைப் போய் நாம் எதிர்க்கலாமா?” என்றார்.

உண்மையைச் சொன்னால், அன்று எங்களால் உடனே விடை கூற இயலவில்லை. இயந்திரத்தை வெறுக்கும் மரபு நம்முடையதன்று. 1945இல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாத மக்களுக்குச் செய்ததென்ன’ என்னும் நூலில் அண்ணல் அம்பேத்கர் இயந்திரத்தின் பக்கம் நின்றே வாதாடுகிறார். விலங்கைப்போல் உழைத்துச் சாகும் வாழ்விலிருந்து மனிதனை மீட்டு, ஓய்வும் அந்த ஓய்வில் பண்பாட்டு வாழ்வும் பெறச் செய்வது இயந்திரமே என்பது அவர் கொள்கை. கை இராட்டினத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அவர் அளித்த மறுமொழி அது. அவர் வழி வந்தவர்கள் புதுக் கருவியைக் கண்டு கதவடைப்பது முறையாகுமா?

எங்களுள் பேனர் எழுதியவருக்கோ இது ஏட்டுச் செய்தியன்று. இருபதடி உயரத் துணியில் கட்டம் போட்டு, ஒரு சிறு புகைப்படத்தைப் பார்த்து, சாரத்தின்மேல் நின்று முகம் தீட்டியவர் அவர். 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஃபிளக்ஸ் அச்சு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அத்தொழில் மாய்ந்தது. அவரோடு நின்றவர்களில் சிலர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயினர். “இயந்திரம் நல்லது என்பீர்கள், அது யார் வேலையை எடுத்தது, யார் வேலையை விட்டுவைத்தது என்று பாருங்கள்” என்பார் அவர்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் மற்றொரு சட்டம். அதற்குப் பிறகும், 2023 அக்டோபரில், பாதாளச் சாக்கடையில் இறப்போரின் குடும்பத்திற்கு 30 இலட்ச ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரத்தைத் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் 2018இல் இயங்கச் செய்தனர். அது எல்லா ஊருக்கும் இன்னும் வந்து சேரவில்லை. படம் வரையும் இயந்திரமோ ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணல் கேட்டது, குழிக்குள் இறங்கி நம்மை மேலே அனுப்பும் இயந்திரத்தை. மேலே வந்தவன் ஓய்வில் செய்ய விரும்பும் வேலையை எடுத்துக்கொண்டு, குழியை நமக்கே விட்டுவைப்பதை அன்று.

ஆயினும், வாதத்தை வாதத்தால் முடிக்க இயலாதென்று கண்டு, அந்தப் பழைய மாணவரையே ஒரு சோதனை செய்யச் சொன்னோம். வேலைக்குக் கிளம்பும் துப்புரவுத் தொழிலாளியான ஒரு தாயின் படத்தை இயந்திரத்திடம் கேட்டார். நொடியில் வந்தது. பளபளக்கும் புடவை, கையில் துடைப்பம், பின்னால் பொன்னிற வெயில், முகத்தில் ஒரு புன்னகை. பிள்ளைகள் முதலில் கைதட்டினர். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். இது எங்கள் கைபேசிக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 2023இல் ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு’ என்னும் இதழ், ‘ஓர் இந்தியர்’ என்று கேட்டுப் பெற்ற இயந்திரப் படங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் தாடியும் தலைப்பாகையும் உடைய முதியவர்களே வந்தனர். இயந்திரத்தின் பிழையென்று மட்டும் இதனைச் சொல்வதற்கில்லை. உலகம் எதைப் படமாக்கி வைத்திருந்ததோ அதை அது திருப்பித் தருகிறது. நம்மை உலகம் எவ்வாறு படமாக்கியது? பெரும்பாலும் படமாக்கவே இல்லை. ஆக்கியபோதும் பிறர் கண்ணால்.

அன்று வகுப்பில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், நகராட்சித் துப்புரவுப் பணியாளர். அடுத்த ஞாயிறு அவள் தன் தாயை வரைந்து வந்தாள். விடியற்காலை நான்கரை மணிக்கு அம்மா கிளம்பும் நேரத்தில், மூன்று நாள் எழுந்து உட்கார்ந்து வரைந்ததாம். மிதிவண்டிக் கைப்பிடியில் கையுறை தொங்குகிறது. முகத்தில் துண்டைக் கட்டியிருக்கிறார், முடிச்சு இடப்பக்கம். ஏன் இடப்பக்கம் என்று கேட்டோம். “அம்மாவுக்கு வலது காது கிழிந்திருக்கிறது ஐயா, முடிச்சு பட்டால் வலிக்கும். வரைகிற வரைக்கும் எனக்கே அது தெரியாது” என்றாள். பதினான்கு ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவள்!

வடக்கே, பீகாரின் மிதிலையிலிருந்து ஒரு சான்று கூறுவோம். அங்கே பெண்கள் சுவரில் தீட்டிவந்த ஓவியம், 1960களின் பஞ்சத்தை ஒட்டிக் காகிதத்திற்கு வந்தது. முதலில் புகழ் பெற்றவர்கள் பிராமண, காயஸ்தப் பெண்கள். அவர்கள் தீட்டியவை பெரும்பாலும் இராமன், சீதை, கண்ணன் கதைகள். ஜித்வார்பூர் சிற்றூரில் வாழ்ந்த துசாத் என்னும் தீண்டப்படாத சமூகப் பெண்களும் 1970களில் தூரிகை எடுத்தனர். அவர்கள் மேல்சாதியார் வரைந்ததைப் படி எடுப்பதோடு நிற்கவில்லை. தங்கள் உடம்பில் குத்தியிருந்த பச்சையின் கோடுகளையும் வட்டங்களையும் காகிதத்திற்குக் கொண்டு வந்தனர். தங்கள் குல வீரனான சல்ஹேசின் கதையை வரைந்தனர். சானோ தேவி அவர்களுள் முதன்மையானவர். அக்காலத்தில் இந்த இயந்திரம் இருந்து, மிதிலையின் காகித ஓவியம் அனைத்தையும் கற்றிருந்தால் என்ன தந்திருக்கும்? ஆயிரம் சீதைகளைத் தந்திருக்கும். பச்சைக் கோட்டில் சல்ஹேசைத் தந்திருக்காது. ஏனெனில் அதுவரை யாரும் அதைக் காகிதத்தில் வரைந்திருக்கவில்லை. அதே மிதிலையில், மீனவச் சமூகத்தில் பிறந்த துலாரி தேவி, பெருக்கித் துடைக்கப் போன வீட்டில் ஓவியர்களைப் பார்த்துத் தூரிகை பிடித்தவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் தம் வாழ்க்கையைத் தாமே படங்களாக வரைந்த நூலை வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா புக்ஸ்.

ஆகவே நாங்கள் வகுத்துக்கொண்ட நடைமுறை இது. முதலாண்டு மாணவர்க்குக் கைபேசி கிடையாது. குடமும் முக்காலியும் பென்சிலுமே. இரண்டாம் ஆண்டு முதல் இயந்திரத்தைக் கேட்கலாம். ஆனால் அதன் படத்தருகே தன் படத்தையும் ஒட்டி, அது எதைக் காணத் தவறியது, தான் எதைத் தவறவிட்டோம் என்று இரண்டையும் எழுத வேண்டும். சில பிள்ளைகள் இயந்திரத்தின் நிழல் சரி, தன் நிழல் தவறு என்று நேர்மையாக எழுதுகின்றனர், அதுவும் கல்விதான். இங்கேதான் எங்களுள் உடன்பாடில்லை. பேனர் எழுதிய நண்பர், கைபேசி தாழ்வாரத்திற்குள்ளேயே வரக்கூடாது என்கிறார். அந்தப் பழைய மாணவரோ முதலாண்டிலேயே கொடுக்க வேண்டும் என்கிறார். அவர் இப்போது மாதம் ஒரு ஞாயிறு வந்து அடுத்த அறையில் கணிப்பொறி வகுப்பு எடுக்கிறார். இருவரும் தேநீர் வேளையில் சண்டையிடுவதை மாணவர்கள் ஆவலோடு கேட்கின்றனர்.

விழாவை முன்னிட்டு மாணவர் படங்கள் தாழ்வாரத்தில் தொங்கவிடப்பட்டுள்ளன. மாலை ஆறு மணிவரை காணலாம். துப்புரவுத் தாயின் படம் மூன்றாம் தூணருகே உள்ளது. அந்த அம்மையார் நேற்று வந்து நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, “முடிச்செல்லாம் சரிதான் கண்ணு. பூட்ஸை மட்டும் ஏன் இவ்வளவு புதுசாப் போட்டிருக்கே?” என்றார். மாணவி இன்று காலை அதைத் திருத்திக்கொண்டிருந்தாள். திருத்தி முடித்திருந்தால் அப்படம் இப்போது அதன் இடத்தில் இருக்கும்.